எலிகளுக்கு வழித்துணை

எலிக்கு வழித்துணை போன ஒரு மனிதரை எனக்குத் தெரியும். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்தவள்தான். அந்த எலிகள் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்த நாள் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுபதுகளின் பிற்பாதி. சிம்மக்கல்லிலிருந்து வைகைக்கு இறங்கும் சந்து ஒன்றில் ஒரு பழைய வீடு. மாடியில் நாங்கள்: அப்பா, அம்மா, நான். அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கீழ்ப் பகுதியில் அந்த மனிதரும் அவர் மனைவியும். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். எங்களிடம் பேசுவது அசல் மதுரைத் தமிழ். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். சந்து முழுக்க அவர் சாயக்கார மாமாதான்.

சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவது அவர் தொழில். வெள்ளைத் துணியில் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து கடுகு கடுகாக முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அதை அண்டாவில் கொதிக்கும் சாயத்தில் முக்கியெடுத்து, ஆற்று மணலில் காயப்போட்டு, முடிச்சுகளை அவிழ்ப்பார். முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. இந்த வேலையினால் அவர் கை முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். "இன்னைக்கு என்ன கலருண்ணே?" என்று அம்மா மாடியிலிருந்து கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார். கையைத் தூக்கிக் காட்டுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரை, எதை அனுப்பிவைத்தாலும் அது போய்ச் சேர்ந்ததைப் பார்க்காமல் திரும்ப மாட்டார். ஊருக்குப் போகிற சொந்தக்காரரை பஸ் ஏற்றிவிட்டால், பஸ் வளைவு திரும்பி மறையும் வரை நிற்பார். தபால் பெட்டியில் கடிதம் போட்டால் உள்ளே விழுந்த சத்தம் கேட்கவில்லை என்று பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். கடைக்குச் சேலை கொண்டுபோனால் அது அலமாரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கிளம்புவார். "ஏவாரம் முடிஞ்சுது, கெளம்புங்கண்ணே" என்று கடைக்காரர்கள் விரட்டாத குறை. அவர் மனைவிக்கு இது தீராத எரிச்சல். அந்த அம்மாள் முதலில் சௌராஷ்டிரத்தில் திட்டிவிட்டு, மாடியில் இருக்கிற எங்களுக்கும் பயன்படட்டும் என்று அதையே தமிழில் ஒருமுறை திட்டுவார்.

எலி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சந்தில் எலி இல்லாத வீடு கிடையாது. பெருச்சாளி இல்லை, சின்னச் சுண்டெலி. எங்கள் வீட்டில் ஒரு மரப்பொறி உண்டு. மசால்வடைத் துண்டைக் கம்பியில் குத்தி வைத்தால் விடியும்போது உள்ளே ஒன்று இருக்கும். அப்பா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், பொறியோடு வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரும் அதைப் பற்றி இரண்டாம் முறை யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலை அப்பா வாளியை நிரப்பிக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அந்தப் பொறிய இங்க குடுங்க."

"எதுக்குண்ணே?"

"கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்."

"எலியவா? நீங்க திரும்பி வாரதுக்குள்ள அது வந்து அடுப்படியில ஒக்காந்திருக்கும்."

"வந்தா வரட்டும் சார். மறுபடி விட்டுட்டு வாரேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுலயாச்சும் பழைய பேப்பரத்தான் கடிக்குது. ஒங்களுக்கு ஒரு கடிக்கு ஒரு சேலை போகுது. நீங்க போயி அதுக்குப் பாவம் பாக்குறீகளே!"

உண்மைதான். சாயம் போட்ட சேலைக்கு மொடமொடப்பு வர அவர் கஞ்சி போடுவார். அரிசிக் கஞ்சி வாசனைக்கு எலி வராமல் யார் வருவார்கள்? மடித்து அடுக்கிய சேலையில் ஓரமாகக் கடித்துவிட்டுப் போனால் ஒரு பெண்ணின் இருபது நாள் முடிச்சு வேலை வீண். அவர் மனைவி அந்தச் சேலையை முற்றத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு மொழியிலும் கச்சேரி வைத்துவிடுவார்.

மாமா அப்பாவிடம் சொன்னது இதுதான்: "கஞ்சி போட்டது நாந்தான சார்? வாசனையக் காட்டிக் கூப்பிட்டுட்டு, வந்தவனத் தண்ணியில முக்குனா எப்பிடி?"

அப்பாவுக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. பொறியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு எலிகளும் மாமாவின் பொறுப்பாயின.

அவர் அசட்டு இரக்கக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. எலி வீட்டுக்குள் வரக் கூடாது என்பதில் எங்களைவிட அவர்தான் கறார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். சுவர் ஓட்டைகளில் தேங்காய் நாரைத் திணித்து அதன் மேல் சிமெண்டு பூசுவார். வெறும் சிமெண்டைக் குடைந்துவிடுமாம், நாரைக் கடித்தால் பல்லில் சிக்கி எரிச்சலாகி வேறு வீடு பார்க்குமாம். சேலை அடுக்குகிற பலகையை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றில் தகரப் புனலைக் கவிழ்த்து மாட்டினார். கயிறு வழியாக இறங்கிவரும் எலி புனலில் வழுக்கிக் கீழே விழும். ஒருநாள் மாடிக்கு வந்து எங்கள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "மூடியில்லாத டின்னு ஆறு இருக்கும்மா. ஆறு பத்திரிக வச்சு அழச்ச மாதிரி" என்றார். அம்மாவுக்கு ரோஷம் வந்து அன்றைக்கே மூடி வாங்கினாள்.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே வந்துவிட்ட எலிக்குத்தான் பொறி. அதிலும் மசால்வடை கூடாது, தொண்டை காயும் என்பார். சுட்ட தேங்காய்ச் சில்லுதான். அவருடைய பொறி கம்பிக் கூண்டு. அதைத் துண்டால் மூடி, கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடப்பார். கரையில் கூண்டைத் திறந்து, நாலு பொட்டுக்கடலையைப் போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். எலி பயந்துபோய் வெளியே வராது. வரும் வரை உட்கார்ந்திருப்பார். வந்து ஏதாவது பொந்துக்குள் நுழையும் வரை எழுந்திருக்க மாட்டார். ஒருமுறை ஆபீஸுக்குப் போகும் வழியில் நான் அவசரப்படுத்தியபோது சொன்னார்: "மூஞ்சி போனாப் பத்தாதும்மா. வாலு உள்ள போகணும். அப்பத்தான் போயிச் சேந்ததா அர்த்தம்."

அப்பாவின் கேலி மட்டும் ஓயவில்லை. விட்ட எலிதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரே எலியைத்தான் மாமா தினமும் காற்று வாங்க அழைத்துப் போய் வருகிறார் என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயக்காரருக்கு வந்த யோசனையைப் பாருங்கள். எலியின் வாலுக்குச் சாயம் போட்டால் தெரிந்துவிடுமே!

கூண்டுக் கம்பிக்கு வெளியே எலி வால் எப்படியும் நீட்டிக்கொண்டிருக்கும். பிரஷ்ஷால் ஒரு தொடல், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் வாலுக்கு எரியுமோ என்று அவருக்குச் சந்தேகம். வால் மாதிரி மெல்லிசான தோல் மனுஷனுக்குக் காதுமடலில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தன் வலது காதில் சாயத்தைத் தடவிப் பார்த்தார். எரியவில்லை. சாயமும் போகவில்லை. பதினைந்து நாள் ஒற்றைக் காது சிவந்துபோய்த் திரிந்தார். யாரோ நன்றாகத் திருகிவிட்டார்கள் என்று சந்தே நினைத்தது. திருகியது அவர் மனைவி என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முதலில் மஞ்சள் வால். நம் கரையிலேயே படித்துறைப் பக்கம் விட்டார். மூன்றாம் நாள் மஞ்சள் வால் எங்கள் அடுப்படியில் ஓடியது. அப்பா வெற்றி ஊர்வலம் போகாத குறை. அடுத்து பச்சை வால். டவுன் பஸ் ஏறி வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கொண்டுபோனார். பச்சை திரும்பவில்லை. ஆனால் இரண்டாம் தடவை போகும்போது கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே இது?"

"எலி தம்பி."

"எலின்னு தெரியுது. எதுக்கு பஸ்ஸுல வருது?"

"நடந்து வந்தா திரும்பிப் போற வழி தெரிஞ்சிருமாம் தம்பி."

பஸ்ஸில் இருந்த பெண்கள் கூச்சல் போட, கண்டக்டர் விசில் அடித்து நடுவழியில் இறக்கிவிட்டார். எலிக்கு அரை டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன் என்று மாமா கெஞ்சியும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸை நம்பவில்லை. கல்பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்து அக்கரையில் விட ஆரம்பித்தார். செல்லூர்ப் பக்கம் பூட்டிக்கிடந்த ஒரு பருத்திக்கொட்டை குடோன். ஆள் நடமாட்டம் கிடையாது. தரையெல்லாம் சிந்திய கொட்டை. எலிக்கு அதைவிட நல்ல இடம் எங்கே அமையும்? அக்கரைக்கு நிறம் சிவப்பு.

சிவப்பு வால் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "ஆத்தத் தாண்டுனா திரும்பாது சார்" என்று அப்பாவிடம் வந்து சொன்னபோது மாமா முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு சிவப்பு வாலுக்கும் ஒரு வெள்ளைத் துணித்துண்டில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். பத்தொன்பது முடிச்சு விழுந்தது. பிறகு எங்கள் வீட்டில் எலியே அருகிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நாலாவது வரன் வந்தது. முதல் மூன்று பேரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள். நாலாமவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தார். மற்றவர்களைப் போல் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "ஒங்க ஆபீஸ் மிஷின்ல எந்த எழுத்து மக்கர் பண்ணும்?" என்று கேட்டார். ஒருத்தர் என் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. பூ வைத்து உறுதி செய்துவிட்டுப் போனார்கள். வீடு செல்லூரில்.

பூ வைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வருங்கால மாமியார் தனியாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க" என்று அப்பாவைப் பார்த்து ஆரம்பித்தார். "பூ வச்ச மறுவாரத்துலருந்து எங்க வீட்டுல எலியா வருது. அதுகூடப் பரவாயில்ல. அம்புட்டுக்கும் வாலு ரத்தமாச் செவந்திருக்கு. என் வயசுக்கு இப்பிடிப் பாத்ததில்ல. குறி கேட்டோம். ஆத்துக்குத் தெக்கருந்து வந்தது, வரப்போற பொண்ணு வீட்டுலருந்துதான் ஏவி விட்டுருக்குன்னு சொல்றாரு. பொண்ணு ராசியோ, உங்களுக்கு வேண்டாதவங்க செஞ்ச வேலையோ, எனக்குத் தெரியாது. இதத் தள்ளிப் போடுவோம்."

குறிகாரர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆற்றுக்குத் தெற்கிலிருந்துதான் வந்தன, பொண்ணு வீட்டிலிருந்துதான் வந்தன. குடோன் அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியது என்பதும், யாரோ அதை வாடகைக்கு எடுத்துக் காலி செய்து வெள்ளையடித்ததும், வீடிழந்த சிவப்பு வால்கள் அடுத்த சுவரைத் தாண்டியதும் பிறகு தெரிந்த கதை.

மாமியார் படியிறங்கிப் போனதும் மாமா மேலே வந்தார். கீழேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறது.

"சார், நான் போயி சொல்லிட்டு வாரேன்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, வேணாம். எலிய அனுப்புன வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேன்னு ஒரேடியா முறிச்சிருவாங்க. பேசாம இருங்க. சாயம் தன்னால வெளுத்துரும், எல்லாரும் மறந்துருவாங்க."

"எலி மேல போட்டது வெளுத்துரும் சார். பொண்ணு மேல போட்டது வெளுக்காது."

நானும் அப்பா கட்சிதான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போனாலும் ஒருநாள் நடக்குமே, முறிந்தால் என்ன செய்வது என்ற பயம். "சொல்லாதீங்க மாமா" என்று அழுதேன். அவர் கீழே இறங்கிப் போனார். பிறகு கூண்டையும் முடிச்சுத் துணியையும் எடுத்துக்கொண்டு கல்பாலத்துப் பக்கம் நடந்தார். அவரை அன்றைக்கு நான் வெறுத்தேன்.

அங்கே நடந்ததை என் கணவர் பிற்பாடு பலமுறை நடித்தே காட்டியிருக்கிறார். மாமியார் வாசல் நடையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாராம். மாமா எதிரில் நின்று, "அம்மா, அந்த எலியெல்லாம் என்னோடது" என்றாராம். மாமியார் முறத்தை வைத்துவிட்டு நிமிர, மாமா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாராம். முழங்கை வரை அதே சிவப்பு.

"எலி வாலுக்கு எதுக்குய்யா சாயம் போட்டீக?"

"விட்டது திரும்பி வருதான்னு பாக்க."

"வந்துச்சா?"

"இல்லம்மா. இங்க வந்துருச்சு."

"எம்புட்டு?"

மாமா முடிச்சுத் துணியைக் கொடுத்தார். மாமியார் ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவி எண்ணினார். பத்தொன்பது. எண்ணி முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டாராம்.

"தண்ணியில முக்கிப் போட்டா முடிஞ்சுபோற வேலைக்கு இம்புட்டுக் கூத்தா?"

"முடிஞ்சிரும்மா. அப்புறம் அந்த வாளியிலதான குளிக்கணும்."

மாமியார் முறத்தை மறுபடி எடுத்தார். புடைத்தபடியே, "பத்தொம்பதும் இந்த வீட்ட விட்டுப் போகட்டும். அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்றார்.

ஆக, என் கல்யாணம் பத்தொன்பது எலி வாலில் தொங்கியது. அடுத்த மூன்று வாரம் மாமா விடிந்ததும் செல்லூர், வெயில் ஏறியதும் சாய அண்டா என்று அலைந்தார். அவர்கள் வீட்டு ஓட்டைகளுக்கும் தேங்காய் நார் போனது. டின்களுக்கு மூடி வந்தது. பிடித்ததையெல்லாம் சைக்கிளில் வைத்து மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கிற அந்த இடம் அப்போது சந்தைக்கு மாடு வந்தால் நிற்கும் பொட்டல். ஒரு வால் உள்ளே போனதும் ஒரு முடிச்சை அவிழ்ப்பார். திரும்பி வந்ததும் நான் மாடியிலிருந்து விரலால் கேட்பேன், அவர் விரலால் சொல்வார். பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பதினெட்டு ஆயிற்று. அதோடு நின்றுபோயிற்று. தினமும் பொறியில் விழுவது சாயம் இல்லாத எலி, அவர்கள் வீட்டுச் சொந்த எலி.

அப்பா ஒரு வழி சொன்னார். "அண்ணே, விழுந்ததுல ஒண்ணப் பிடிச்சு வாலுல லேசாத் தொட்டு வைங்க. பத்தொம்பது ஆச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"சாயம் போட்டு யாரையும் ஏமாத்துனதில்ல சார். சேலையிலயும் இல்ல, எலியிலயும் இல்ல" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுச் சாயத்துக்கு இவ்வளவு வீம்பா? என் வாழ்க்கையைவிட ஒரு எலி வால் உசத்தியா? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் செல்லூருக்குப் போய், "பதினெட்டுதாம்மா கெடச்சுது. ஒண்ணு அகப்படல" என்று ஒற்றை முடிச்சோடு துணியை நீட்டியிருக்கிறார். மாமியார் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு மகனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பத்தொம்பதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன எண்ணியா பாத்திருப்பேன்? சொல்லலையே மனுஷன். இவரு தாராளமா வந்து போற வீடு, நல்ல வீடாத்தான் இருக்கும். பத்திரிக அடிக்கச் சொல்லு."

கல்யாணம் நடந்தது. மாமா ஒரு சிவப்புச் சுங்குடி கொடுத்தார், நானே பார்த்திராத அளவுக்குப் பொடிப் புள்ளி. அவர் மனைவி ஏழு வாரம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டதாம். இரண்டு மொழியிலும் திட்டிக்கொண்டே போட்டிருப்பார். புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா அழுதாள், அப்பா ஆபீஸ் ஃபைலை மூடுகிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா கார் ஜன்னலுக்குக் குனிந்தார்.

"ஆத்தத் தாண்டுனா திரும்பாதுன்னு எலிக்குத்தான்டா சொன்னேன். ஒனக்கில்ல. எப்ப வேணாலும் வா."

அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணிடமும் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அழக் கூடாது என்று இருந்தவள் அந்த இடத்தில்தான் உடைந்தேன்.

கல்யாணமாகி ஏழாம் மாதம் அவர் சொன்னதை நான் பயன்படுத்திக்கொண்டேன். கல்யாணமான பொம்பளை வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கப் போவது நன்றாக இல்லை என்று மாமியார் வேலையை விடச் சொன்னார். விட்டேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் வார்த்தை முற்றி, ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு கல்பாலத்தில் நடந்தேன். மாமா ஆற்று மணலில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"வீட்டுக்குப் போ. இந்தத் துணியக் காயப்போட்டுட்டு வாரேன்."

எங்கள் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் கணவர் வந்தார். கையில் துண்டு போட்டு மூடிய கூண்டு. நேராக என்னிடம் வராமல் கீழே மாமாவிடம் போனார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா குடுத்துவிட்டாங்க மாமா. அந்தப் பத்தொம்பதாவது, நேத்துப் பொறியில விழுந்துச்சாம். முக்காம வச்சிருந்தாங்க. ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க." கொஞ்சம் தயங்கி, மாடிப்படிப் பக்கம் பாராமல் சொன்னார்: "அந்த வக்கீலாபீஸுல இன்னும் எடம் காலியா இருக்கான்னும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

மாமா துண்டை விலக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குஞ்சு. கண் திறந்து ஒரு வாரம் இருக்குமோ என்னவோ. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன் ஆற்றைக் கடந்த எலி அது இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். வாலில் சாயத்தின் நிழல்கூட இல்லை.

மாமா கூண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"நம்மளதுதான்" என்றார்.

உள்ளே போய் முடிச்சுத் துணியை எடுத்துவந்து, எங்கள் எல்லார் முன்னாலும் அந்தக் கடைசி முடிச்சை அவிழ்த்தார். என் கல்யாணத்துக்காகச் சொல்லாத பொய்யை, என் மாமியார் இறங்கிவந்த மரியாதைக்காகச் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மேல் எனக்கிருந்த பழைய கோபமெல்லாம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பியபோது அவரும் கூண்டோடு கூடவே வந்தார். குஞ்சை எங்கே விடப் போகிறீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, "அத அப்புறம் பாத்துக்கிறேன் மாப்ள. மொதல்ல இதக் கொண்டுபோயி விடணும்" என்று என்னைக் காட்டினார். செல்லூரில் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "உள்ள வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மாமா சிரித்துக் கூண்டைக் காட்டி, இதையும் சேர்ப்பித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் படியேறினேன். அன்றைக்குக் கட்டியிருந்தது அவர் கொடுத்த சிவப்புச் சுங்குடி. உள்ளே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் முந்தானை கதவைத் தாண்டி உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான், அவர் கூண்டைக் கை மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.